நாலு மூலைப் பார்த்தீனியம்

போன மாதம் எங்கள் பழைய துறையிலிருந்து ஒரு பெண்ணும் ஒரு பையனும் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். மலையேறுகிறவர்கள், பறவை பார்க்கிறவர்கள், சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்கள் எல்லோருக்கும் அந்நியக் களைச்செடிகளை அடையாளம் காணவும் ஒழிக்கவும் சொல்லித்தரப் பயிற்சி வகுப்பு வைக்கப் போகிறார்களாம். "நீங்கதானுங்க மேடம் இதை மொதல்ல நடத்துனதுன்னு சொன்னாங்க. எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு, இப்போதெல்லாம் அவ்வளவு கஷ்டம் இல்லை, செல்போனை நீட்டினால் செடியின் பெயரை அதுவே சொல்லிவிடும் என்றும் காட்டினார்கள். என் வாசல் துளசியைப் படம் பிடித்தார்கள். துளசி என்றது. எதிர்வீட்டுச் சாக்கடையோரம் நின்றதைப் பிடித்தார்கள். பார்த்தீனியம் என்றது. இரண்டும் சரி.

"அது அங்க எப்படி வந்துச்சுன்னு கேளு கண்ணு" என்றேன். அந்தப் பெண் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். அவர்களுக்குக் காபி கொடுத்துச் சொன்ன கதையைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். என் பேச்சில் ஒழுங்கு கிடையாது என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தாவரவியல் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு வேளாண் கல்லூரியில், களைக் கட்டுப்பாட்டுப் பிரிவில் டெக்னிக்கல் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. வயலில் மரச்சட்டத்தைப் போட்டு, அதற்குள் எத்தனை கோரை, எத்தனை அருகு என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். வெயிலில் கறுத்துப் போனேன். இப்படியே போனால் எந்த மாப்பிள்ளையும் கிடைக்கமாட்டான் என்று அம்மா புலம்பினார். கிடைத்தார். அவரும் கறுப்புதான்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் ஒரு பேராசிரியர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். மழையோ வெயிலோ, கையில் எப்போதும் குடை. வயலில் ஒரு செடியைக் காட்டி "இது என்னங்க சார்?" என்று யாராவது கேட்டால் நின்றபடி பதில் சொல்லமாட்டார். குடையை விரித்து மண்ணில் சாய்த்து வைத்து, அந்த நிழலில் குந்தி உட்காருவார். கேட்டவரும் மரியாதைக்குக் குந்தவேண்டும். மில் முதலாளியாக இருந்தாலும் குந்தித்தான் ஆகவேண்டும். செடியை அடியிலிருந்து நுனிவரை பார்த்துவிட்டு, பெயரைச் சொல்லாமல், "இது எப்படிங்க இங்க வந்திருக்கும்?" என்று திருப்பிக் கேட்பார். "செடிக்குக் காலில்லீங்க. காலிருக்கறது நமக்கும் மாட்டுக்கும்தான். காத்துக்கும் தண்ணிக்கும் கொஞ்சம் பங்கு குடுத்தரலாம். மிச்சமெல்லாம் நாமதானுங்க."

கோபம் வந்தால் அவர் சத்தம் போடமாட்டார். மரியாதைதான் கூடும். சாதாரண நாளில் எனக்கு "வசந்தா, இங்க வாம்மா". சின்னத் தப்பு செய்தால் "வாங்க வசந்தா". பெரிய தப்பு என்றால் "வாங்க வசந்தா, உக்காருங்க, காபி சாப்பிடறீங்களா?" காபி வந்துவிட்டால் தப்பு ரொம்பப் பெரியது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் இது தெரியாமல், சார் எவ்வளவு தங்கமான மனிதர் என்று ரசித்துக் குடிப்பார்கள். நாங்கள் ஜன்னல் வழியாகப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம், ஒரு நடைக்குழுவைச் சேர்ந்தவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஞாயிறு தவறாமல் மருதமலை அடிவாரம், ஆனைமலைப் பக்கம் என்று நடக்கிறவர்கள். பேங்க் ஆபீசர் ஒருவர், டாக்டரம்மா ஒருவர், காலேஜ் லெக்சரர்கள் சிலர். அவர்களுக்குத் தலைவர் சுப்பிரமணியம். பீளமேட்டுப் பக்கம் பம்புசெட்டுக்கு வார்ப்பு ஊற்றும் பவுண்டரி வைத்திருந்தார். பவுண்டரிச் சத்தத்தில் பேசிப் பழகியவர், எதிரில் இருப்பவரிடமும் அந்தச் சத்தத்தில்தான் பேசுவார். எதைச் செய்தாலும் ஒரு வேன் நிறையச் செய்யவேண்டும் அவருக்கு.

"நடந்துபோட்டு வந்தா பாதிப் பேருக்குக் கை காலெல்லாம் அரிப்புங்க. எதை ஒரசுனோம்னே தெரியறதில்லை. எங்களுக்குச் செடி சொல்லிக் குடுங்க. அதைப் புடுங்கற வேலையும் நாங்களே பாத்துக்கறமுங்க" என்றார்.

பேராசிரியர் என்னைக் கைகாட்டிவிட்டார். அப்படித்தான் நான் வாத்தியார் ஆனேன்.

முதல் வகுப்பு எங்கள் பண்ணையில், புங்க மரத்தடியில். ஈரத்துணி மேல் நாலு இலை வைத்தேன். கேரட் இலை, மரிக்கொழுந்து, செண்டுமல்லி நாற்று, பார்த்தீனியம். நாலும் கத்தரித்து விட்டது போல இருக்கும். இதில் விஷச்செடி எது என்று கேட்டேன். பேங்க் ஆபீசர் கொஞ்சமும் யோசிக்காமல் கேரட்டைக் காட்டினார். "பாத்தாலே தெரியுதுங்களே மேடம்." காலையில் அதன் கிழங்கைப் பொரியலாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். சின்னதில் பார்த்தீனியம் தரையோடு ஒட்டி, தட்டுப் போலப் படர்ந்து கிடக்கும். பிறகு நடுவிலிருந்து தண்டு கிளம்பும். தண்டில் நெடுக வரி வரியாகப் பள்ளம் இருக்கும், மெல்லிய முடியாகச் சுணை இருக்கும். பூ மிளகு அளவு, வெள்ளை. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து மூலை தெரியும். மூலைக்கு ஒரு விதை. பூப்பதற்கு முன்னால் பிடுங்கவேண்டும், மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு. மேலோடு ஒடித்தால் மறுபடி தழைத்துவிடும். கையில் பால் கவரை மாட்டிக்கொள்ளவேண்டும், முழுக்கைச் சட்டை போடவேண்டும், காற்றுக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும். பூத்துவிட்ட செடியை அப்படியே இழுக்கக்கூடாது. முதலில் அதன் தலையில் சாக்கைக் கவிழ்த்து, பிறகுதான் பிடுங்கவேண்டும். இல்லாவிட்டால் இழுக்கிறவரே விதைக்கிறவர் ஆகிவிடுவார். பிடுங்கியதைக் குழியில் போட்டு மூடவேண்டும், எருக்குழியில் மட்டும் போடவே கூடாது. கடைசியாக, கிளம்புமுன் செருப்பைத் தட்டி, பேண்ட் மடிப்பை அவிழ்த்து உதறவேண்டும். இந்தக் கடைசிப் பாடத்தை நடத்தும்போது கனவான்கள் எல்லோரும் ஒற்றைக்காலில் நின்று பேண்டை உதறுவதைப் பார்க்க எங்கள் பண்ணை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள்.

மாணவர்களில் சுப்பிரமணியம்தான் முதல். ஆர்வத்தைச் சொல்கிறேன், மார்க்கை அல்ல. காரில் போகும்போது ரோட்டோரம் பார்த்தீனியத்தைக் கண்டால் வண்டியை நிறுத்தச் சொல்வாராம். பவுண்டரி ஆட்களுக்கு வகுப்பெடுத்தார். ஒரு கல்யாணத்தில் மேடை அலங்காரத்தில் ரோஜாவுக்கு நடுவே பார்த்தீனியப் பூவைச் செருகியிருந்ததைப் பார்த்துவிட்டு, மணமக்களுக்குக் கை கொடுக்கப் போனவர் பால் கவரைக் கேட்டு ரகளை செய்தார் என்று டாக்டரம்மா சொன்னார்.

அவர்தான் ஆடி மாதத்தில் ஒரு வகுப்பு முடிந்ததும், வழக்கத்துக்கு மாறாக மெதுவான குரலில் என்னிடம் வந்தார். "மேடம், அன்னூர்ப் பக்கம் எங்க மச்சான் தோட்டம் இருக்குதுங்க. அக்கா ஊட்டுக்காரரு. அவரு தோட்டத்தையே உட்டுப்போட்டுப் போறேங்கறாருங்க. நீங்களும் சாரும் ஒருக்கா வந்து பாக்கோணும்."

மச்சானின் பெயர் ராமசாமி. இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பார்த்தீனிய ஒவ்வாமை வந்திருக்கிறது. கண் இமை, கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பெல்லாம் தடித்துக் கறுத்து, ராத்திரித் தூக்கம் போய்விட்டது. அந்தச் செடி இருக்கும் பக்கமே போகக்கூடாது என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் சும்மா இருக்கவில்லை. ஆள் வைத்துத் தோட்டத்தில் ஒரு செடி இல்லாமல் சுத்தம் செய்தார். உடம்பு தேறிவிட்டது. ஒன்றரை வருடம் நன்றாக இருந்தவருக்கு, இந்தச் சித்திரையில் கோடை மழை பெய்ததும் மறுபடி வந்துவிட்டது. பிடுங்கப் பிடுங்க முளைக்கிறதாம். தைப் பொங்கலோடு தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, திருப்பூரில் மகள் வீட்டோடு போய் இருந்துகொள்வதாக முடிவு செய்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு குழு முழுவதும் வேனில் கிளம்பிப் போனோம். பேராசிரியர் முன் சீட்டில், குடையோடு.

தோட்டத்து வீடான சாளையின் முன்னால் கயிற்றுக் கட்டிலில் ராமசாமி உட்கார்ந்திருந்தார். ஆடிக் காற்றிலும் முழுக்கைச் சட்டை, கழுத்தோடு துண்டு. முகம் கறுத்துத் தடித்திருந்தது. ஆனாலும் எழுந்து நின்று ஒவ்வொருவரையும் "வாங்க, வாங்க" என்று தனித்தனியாகக் கூப்பிட்டார். அவர் மனைவி சரஸ்வதி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். மழை, சோளம், மகள் வீட்டுச் சௌக்கியம் எல்லாம் பேசி முடிந்த பிறகுதான் செடிப் பேச்சுக்கு வந்தோம்.

"எங்கெல்லாம் முளைக்குதுங்க?" என்று பேராசிரியர் கேட்டார்.

ராமசாமி மனைவியைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "அதுதானுங்க சங்கதியே. எல்லாப் பக்கமும் முளைச்சா சரி, காத்துல வந்துதுன்னு உட்டுரலாம். தோட்டத்துக்கு நாலு மூலை. நாலு மூலையிலயும் இருக்குது. கெணத்தடியில மோட்டார் ரூமு கதவுக்கு நேரா இருக்குது. கட்டுத்தாரையில மாடு கட்டற பக்கம் இருக்குது. இந்தா, ஊட்டு வாசக்கதவு நெலவுக்குக் கீழ இருக்குது. தோட்டத்து நடுவுல ஒண்ணு கெடையாதுங்க. அளந்து வெச்ச மாதிரி இருக்குது. படிச்சவங்க நீங்க நம்பமாட்டீங்க. இது செய்வினைங்க."

"யாரு செஞ்சாங்கன்னு நெனைக்கறீங்க?"

ராமசாமி வடக்கு வரப்புப் பக்கம் தலையை ஆட்டினார். அங்கே அடுத்த தோட்டம் அவருடைய பங்காளி சின்னசாமியுடையது. பெரியப்பா மகன். குத்தகைக்குக் கேட்டிருப்பவரும் அவர்தான். "நான் இப்படிக் கெடக்கறதைப் பாத்துப்போட்டு, 'அண்ணா, நீங்க போயி ஒடம்பைப் பாருங்க, தோட்டத்தை நான் பண்றேன்'னு வந்தானுங்க. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நெலத்து மேல கண்ணு. ஆனா வேற யாரும் கேக்கலீங்க. சரின்னு வாக்குக் குடுத்துட்டேன். தை ஒண்ணு மொதக்கொண்டு அவன் பண்ணட்டும். குடுத்ததுக்கப்பறம் அவங்கூடப் பேச்சு கெடையாது."

எனக்குக் கோபம்தான் வந்தது. அறிவியல் படித்த வாய் சும்மா இருக்குமா, செய்வினையாவது ஒன்றாவது என்று ஆரம்பிக்கப் போனேன். பேராசிரியர் குடை முனையால் என் காலில் லேசாகத் தட்டினார்.

"நீங்க சொல்றது நாயமுங்க" என்றார் ராமசாமியிடம். "யாரோ ஒருத்தர் கொண்டுவந்துதான் வெச்சிருக்கோணும். காத்துக்கு மூலை தெரியாது." பிறகு சரஸ்வதி பக்கம் திரும்பினார். "ஏனுங்க அம்மணி, நாலு மூலை, மோட்டார் ரூமு, கட்டுத்தாரை, ஊட்டு நெலவு. இத்தனை எடத்துக்கும் சேத்து வருசத்துல என்னைக்காவது ஏதாச்சும் செய்வீங்களா?"

"நாங்க என்னங்க செய்யப்போறோம்?" என்று சொல்லிக்கொண்டே சரஸ்வதி சொம்பை எடுக்கக் குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார். "ஏனுங்க... அங்கதானுங்களே காப்புக் கட்டுவோம்."

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்டுவோம். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் ஒரு கொத்தாகச் சேர்த்து, வீட்டு நிலவில், அதாவது வாசல்நிலையில், கட்டுத்தாரையில், கிணற்றடியில், தோட்டத்து மூலைகளில் கட்டுவது. கட்டியதை யாரும் அவிழ்க்கமாட்டார்கள். அது தானாகக் காய்ந்து உதிரும்வரை அங்கேயே இருக்கும்.

பேராசிரியர் எழுந்து கட்டுத்தாரைக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். கூரை விளிம்பில் போன பொங்கலின் காப்பு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கும்பிட்டுவிட்டு, குடைக் கைப்பிடியால் அதை மெதுவாக இறக்கி, நியூஸ்பேப்பர் மேல் வைத்து என்னைப் பார்த்தார். நான் பால் கவரை மாட்டிக்கொண்டு பிரித்தேன். வேப்பங்குச்சி. ஆவாரங்காய். பூளை, தண்டு நெடுகப் பஞ்சு ஒட்டினது போல. நாலாவதாக ஒன்று இருந்தது. காய்ந்த தண்டில் நெடுக வரிப் பள்ளம். நுனியில் மிளகு மிளகாகப் பழுப்பு நிறத்தில் பூக்கள், பாதி உதிர்ந்தவை. அந்தக் காப்புக்கு நேர் கீழே, சாணித் தரையோரம், பார்த்தீனியக் கன்றுகள் தட்டுத் தட்டாகப் படர்ந்து கிடந்தன.

குழுவில் எல்லோரும் பார்த்தார்கள். பங்குனியிலிருந்து படித்தவர்கள், யாருக்கும் நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"இந்தக் காப்பு எங்கிருந்துங்க வந்துச்சு?" என்றார் பேராசிரியர்.

திரும்பிப் பார்த்தேன். சுப்பிரமணியத்தின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நாந்தானுங்க சார்" என்றார். அவருக்கு அவ்வளவு சின்னக் குரலும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "உங்ககிட்டப் படிக்க வர்றதுக்கு முன்னாடிங்க. தைப் பொங்கலுக்கு முன்னால நாங்க நடக்கப் போனப்போ, அக்கா ஊட்டுக்கு நம்ம கையாலயே காப்புப் பறிச்சுட்டுப் போலாம்னு பறிச்சனுங்க. பூளை கம்மியாத்தான் கெடைச்சுது. பக்கத்துலயே வெள்ளையா இது நெறையாப் பூத்திருந்துது. கொத்து நல்லாப் பெருசா இருக்கட்டும்னு சேத்துக் கட்டிப்போட்டேன். நாலு மூலையிலயும் நானே போயிக் கட்டுனேன். மச்சானை வெயில்ல அலைய உடலீங்க."

பேராசிரியர் அந்தக் கொத்தை நியூஸ்பேப்பரோடு மடித்து வைத்தார். "சுப்பிரமணியமுங்க" என்றார். "ரொம்ப நல்லாக் கட்டியிருக்கீங்களுங்க. உக்காருங்களுங்க. ஒரு காபி சாப்பிடறீங்களா?"

எட்டிப் பார்க்க அங்கே ஜன்னல் இல்லை, நான் கூரையைப் பார்த்தேன்.

அப்போதுதான் சரஸ்வதி சிரித்தார். முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல், கட்டுத்தாரைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கூடப் பொறந்தவன் கொண்டாந்த சீரு நல்லா வேர் புடிச்சிருச்சுங்களே!" டாக்டரம்மா சிரித்தார், பேங்க் ஆபீசர் சிரித்தார், நானும் சிரித்தேன். சுப்பிரமணியம் மட்டும் மச்சானின் காலைப் பிடிக்கக் குனிந்தார். "உடுங்க மாப்ள, எந்திரிங்க" என்று ராமசாமி தோளைப் பிடித்துத் தூக்கினார்.

ராமசாமி சிரிக்கவில்லை. மைத்துனர் மேல் அவருக்குக் கோபம் துளியும் இல்லை. அவர் வடக்கு வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அங்கேயே வேலையை ஆரம்பித்தோம். பேராசிரியர் முதலில் ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். ராமசாமியின் கட்டிலைக் காற்று வருகிற பக்கமாகத் தள்ளிக் கொண்டுபோய், தென்னை மரத்தடியில் போட்டார்கள். அவர் அங்கிருந்து எழக்கூடாது. மற்ற இடங்களில் தொங்கிய பழைய காப்புகளை அவிழ்க்கலாமா என்று கேட்டபோது, கட்டியவரே அவிழ்த்தால் குற்றமில்லை என்று சரஸ்வதி தீர்ப்பு சொல்ல, சுப்பிரமணியமே ஒவ்வொன்றையும் கும்பிட்டு அவிழ்த்துச் சாக்கில் போட்டார். மூலை மூலையாகத் தண்ணீர் தெளித்து, மண் நெகிழ்ந்ததும் கன்றுகளை வேரோடு எடுத்தோம். வரப்பு மறைவில் பூத்து நின்றவற்றுக்குச் சாக்கைக் கவிழ்த்தோம். குழி வெட்டியவர் பேங்க் ஆபீசர். வாழ்க்கையில் முதல் தடவையாக மண்வெட்டியைப் பிடித்தேன் என்று எல்லோரிடமும் கையைக் காட்டினார். முடிந்ததும் வரிசையாக நின்று பேண்டை உதறினோம். சரஸ்வதி மறுபடி சிரித்தார்.

ஒரே நாளில் தீருகிற வேலை இல்லை என்று பேராசிரியர் கிளம்புமுன் சொல்லிவிட்டார். மண்ணுக்குள் விதை இருக்கிறது, ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும், ஒவ்வொரு மழைக்கும் வரவேண்டும். வருகிறோம் என்றார்கள் குழுவினர். நான் நம்பவில்லை. ஆனால் வந்தார்கள்.

வேனில் திரும்பும்போது நான்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "ஏனுங்க சுப்பிரமணியம், அந்தப் பொங்கலுக்குக் காப்பு உங்க அக்காவுக்கு மட்டும்தான் பறிச்சீங்களா?"

வேனில் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

எதையும் வேன் நிறையச் செய்கிற மனிதர் என்று முன்பே சொன்னேன். சித்தப்பா வீடு, மாமனார் வீடு, சின்னத் தங்கை வீடு, பவுண்டரியில் மோல்டிங் பார்க்கிறவர்களின் வீடுகள் என்று அன்னூரிலிருந்து சென்னிமலை வரைக்கும் காப்புக் கொடுத்திருந்தார். ஆக, அந்த ஆவணியும் புரட்டாசியும் எங்கள் ஞாயிறு வகுப்பெல்லாம் அவருடைய சொந்தக்காரர்களின் தோட்டத்தில்தான் நடந்தன. நல்ல பயிற்சி. எங்கே தேடவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த களை வேறு எங்கே கிடைக்கும்?

கஷ்டமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. கொங்கு நாட்டு வீட்டுக்குள் நுழைந்து, "நீங்க காப்புக் கட்டுன எடத்துல விஷச்செடி முளைச்சிருக்கும், புடுங்க வந்திருக்கோம்" என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியுமா? உட்காரவேண்டும். தண்ணீர் குடிக்கவேண்டும். வேண்டாம் என்று நாம் சொல்ல, அதெப்படிங்க என்று அவர்கள் சொல்ல, இட்லி வரும். இட்லிக்குப் பிறகு காபி. ஒரு வீட்டில் கோழி அடித்துவிட்டார்கள், அன்றைக்கு ஒரு செடி பிடுங்கவில்லை. அதற்குப் பிறகு பேராசிரியர் ஒரு விதி போட்டார். முதலில் செடி, பிறகு சாப்பாடு. வேனை வாசலில் நிறுத்தாமல் நேராகத் தோட்டத்து மூலையில் நிறுத்தவேண்டும். பால் கவர் மாட்டிய கையோடு குந்தியிருக்கும் ஆட்களை யாரும் இட்லி சாப்பிடக் கூப்பிடமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. கூப்பிட்டார்கள்தான், ஆனால் கொஞ்சம் தாமதமாகக் கூப்பிட்டார்கள்.

ராமசாமி தோட்டத்துக்கு ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போனோம். ஐப்பசியில் கன்றுகள் குறைந்தன. கார்த்திகையில் அவர் கழுத்துத் துண்டை எடுத்துவிட்டார். மார்கழியில் முகத்தில் பழைய நிறம் வந்துவிட்டது. ஆனால் மனிதர் முன்னைவிட வாடிப்போய்த்தான் இருந்தார். காரணம் எல்லோருக்கும் தெரியும். உடம்பு தேறிவிட்டது, தோட்டம் சுத்தம். ஆனால் தை ஒன்றிலிருந்து தோட்டம் சின்னசாமிக்கு என்று வாக்குக் கொடுத்தாயிற்று.

"போயிச் சொல்லுங்களேனுங்க, ஒடம்பு நல்லாயிருச்சு, நானே பண்ணிக்கறேன்னு. பங்காளிதானே?" என்றேன். எனக்கு இதெல்லாம் சுலபமாகத் தோன்றும்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுங்க அம்மணி?" என்றார். "செய்வினை வெச்சான்னு சொன்னவன் நான். அவன் காதுக்குப் போகாமயா இருந்திருக்கும்? இத்தனைக்கும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலை அவன். இப்பப் போயி, குடுத்த வாக்கையும் திருப்பிக் குடுன்னு கேக்கட்டுமா? மகள் ஊட்டுக்கே போயிக்கறனுங்க."

சுப்பிரமணியம் தானே போய்ச் சின்னசாமியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார். "அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டாராம் சின்னசாமி. மோர் கொடுத்தாராம். குத்தகைப் பேச்சை மட்டும் எடுக்கவில்லையாம்.

காப்புக் கட்டு அன்றைக்குச் சரஸ்வதி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். முந்தின ஞாயிறே குழுவினர் கரடு என்று நாங்கள் சொல்லும் சின்னக் குன்றுகளில் ஏறிப் பூளையும் ஆவாரையும் பறித்து வைத்திருந்தார்கள். சுப்பிரமணியம் கொத்துகளைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு வந்தார். அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டார். முற்றத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு கொத்தையும் பிரித்து, ஒவ்வொரு காம்பாகப் பார்த்து, சந்தேகம் வந்ததை என்னிடம் நீட்டி, "இது ஏனுங்க, இப்படி இருக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார். மாணவர்களில் முதல் மார்க்கை நான் அன்றைக்குச் சரஸ்வதிக்குத்தான் கொடுத்தேன்.

"நீங்க கட்டுங்க மச்சான்" என்று சுப்பிரமணியம் தாம்பாளத்தை ராமசாமியிடம் கொடுத்தார். நிலவில் கட்டினார். கட்டுத்தாரையில் கட்டினார். மோட்டார் ரூமில் கட்டிவிட்டு, மோட்டாரையும் போட்டுவிட்டு, மீதிக் கொத்துகளோடு மூலைகளுக்குத் தனியாகப் போனார். கடைசித் தடவையாக அவர் தண்ணீர் விடுவது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் கூடப் போகவில்லை.

வெகுநேரம் ஆகியும் ஆள் திரும்பவில்லை. சரஸ்வதிக்குப் பயம் வந்துவிட்டது. நானும் அவரும் தேடிக்கொண்டு போனோம். வடகிழக்கு மூலையில் காப்புக் கட்டியிருந்தது. அதற்குக் கீழே, வாய்க்கால் ஓரம், மண்ணில் துண்டைக்கூட விரிக்காமல், கையைத் தலைக்கு வைத்து ராமசாமி தூங்கிக்கொண்டிருந்தார். சட்டையைக் கழற்றி வரப்பில் போட்டிருந்தார். வெறும் உடம்போடு அந்த மண்ணில் அவர் படுத்துப் பார்த்ததே இல்லை, சித்திரையிலிருந்து. சின்னதாகக் குறட்டைகூட வந்தது. சரஸ்வதி அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை.

அப்போது வடக்கு வரப்பில் ஒருவர் வந்து நின்றார். சின்னசாமி என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. அண்ணனுடைய அதே நெற்றி.

சரஸ்வதி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க தம்பி. நாளையிலிருந்து நீங்கதானே தோட்டம் பண்றீங்க, மோட்டார் ரூமுச் சாவிக்குத்தானுங்களே வந்தீங்க? ஊட்டுல எடுத்து வெச்சிருக்கேன். இருங்க, இவரை எழுப்பறேன்."

சின்னசாமி வேண்டாம் என்று கையைக் காட்டினார். தூங்குகிறவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாய்க்காலில் தண்ணீர் நிரம்பி, ராமசாமி படுத்திருந்த பக்கம் வழியத் தொடங்கியிருந்தது. வரப்பில் கிடந்த மண்வெட்டியைச் சத்தம் வராமல் எடுத்தார். குந்தி உட்கார்ந்து இரண்டு வெட்டு வெட்டி, மடையை மாற்றித் தண்ணீரைத் தெற்குப் பாத்திக்குத் திருப்பிவிட்டார். மண்வெட்டியைக் கழுவி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டுங்க அண்ணி" என்றார், அண்ணன் காதில் விழாத குரலில். "எந்திருச்சா, தண்ணி தெக்கால பாத்திக்குப் போவுதுன்னு மட்டும் சொல்லிருங்க."